பாட்டி சிரித்துவிட்டார், 140 பக்கம் போச்சு: முதல் நாவல் எழுதுகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

பதினேழாம்மாடி | வெள்ளி, இரவு 11.40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள்தான், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. வயது 26. பினாங்கு, ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய பிளாட்டில் பதினேழாவது மாடி. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் கணக்கு வேலை. இரண்டு வருடமாக நாவல் ஒன்று எழுதுகிறேன். கெடாவில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம், 1960கள், பொன்னம்மா என்று ஒரு பால்வெட்டுக்காரி, அவளுக்கு மூன்று பிள்ளைகள், சம்சு (கள்ளச் சாராயம்) குடிக்கிற புருசன், கெட்ட கிராணி (தோட்டத்துக் கணக்கர்). எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டிக்கு 83. கூலிம் பக்கத் தோட்டத்தில் பதினாலு வயதிலிருந்து பால் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. நான் பெருமையாக ஆரம்பித்தேன், "உச்சி வெயிலில் பொன்னம்மா மரத்தில் உளியை வைத்தாள், வியர்வை புருவத்தில் இறங்கியது" என்று. பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "உச்சி வெயில்ல எந்த மரம்டி பால் குடுக்கும்? விடியறதுக்கு முன்னாடி வெட்டினாத்தான் ஓடும். வெயில் ஏறுச்சுன்னா சொட்டு நின்னுடும். உச்சி வெயில்ல நாங்க ஸ்டோர்ல பால் ஊத்திட்டு லயத்துக்கே வந்துருப்போம்."

சரி, இதைத் திருத்திக்கொள்ளலாம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே பொன்னம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறாள். நான் வாசிக்க வாசிக்கப் பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ எந்த ஊருக்காரி? நம்ம லயத்துல ஒருத்தரும் இப்படிப் பேசலையே. சினிமாவுல பேசுறா மாதிரியில்ல பேசுறா."

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் படித்ததெல்லாம் தமிழ்நாட்டு நாவல்கள். கரிசல், கொங்கு, நாஞ்சில் நாடு, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் படித்தேன், ஆசை ஆசையாகப் படித்தேன். அதனால் பொன்னம்மா மூன்றாம் அத்தியாயத்தில் கரிசல்காட்டுக்காரியாகவும் ஏழாம் அத்தியாயத்தில் நாகர்கோவில்காரியாகவும் பேசுகிறாள். எந்த வாரம் யாரைப் படித்தேனோ அந்த வாரம் அவள் அந்த ஊர். ஓர் இடத்தில் கோப்பி போடாமல் "காப்பித் தண்ணி" வைக்கிறாள், இன்னோர் இடத்தில் பம்புசெட்டில் குளிக்கிறாள். தோட்டத்தில் ஏது பம்புசெட்டு?

என் கேள்வி இதுதான். நாவல் எழுதுகிற காலத்தில் நீங்கள் மற்ற நாவல்களைப் படிப்பீர்களா, நிறுத்திவிடுவீர்களா? நான் நிறுத்திப் பார்த்தேன். மூன்று வாரம் ஒன்றுமே படிக்கவில்லை, ஒன்றுமே எழுதவும் வரவில்லை. இரவில் சும்மா போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன்.

செந்தூல்காரன் | சனி, காலை 7.15

நான் நிறுத்திவிடுவேன். சமைக்கும்போது வேறு வீட்டுக் குழம்பை நக்கிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

நிபோங்திபால்_டீச்சர் | சனி, காலை 8.02

செந்தூல்காரன், நீங்கள் இதுவரை ஒரு சிறுகதைகூட முடித்ததில்லை என்று போன இழையில் நீங்களே எழுதியிருந்தீர்கள். 😄

பதினேழாம்மாடி, வணக்கம்மா. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பாட்டிக்கு வாசித்துக் காட்டினீர்கள் பாருங்கள், அது எத்தனை பேர் செய்கிறார்கள்? எங்கள் பள்ளியில் மாணவர்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும்போது நான் படுகிற பாடும் இதேதான். பையன் வீட்டில் "டீச்சர், சடக்குல (சாலையில்) மோட்டர் விழுந்துடுச்சு" என்று பேசுவான். கட்டுரையில் "சாலையின் இருமருங்கிலும் பசுமையான வயல்வெளிகள்" என்று எழுதுவான். எந்த வயல்வெளி? அவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருப்பது செம்பனையும் ஒரு பெட்ரோல் நிலையமும். கட்டுரைப் புத்தகத்தில் வயல்வெளி இருக்கிறது, அதனால் எழுதுகிறான். நாம்தான் அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். அப்புறம் 26 வயதில் அந்தப் பிள்ளை நாவல் எழுத உட்காரும்போது பம்புசெட்டு வராமல் என்ன வரும்?

கெப்பாலாபத்தாஸ் | சனி, காலை 10.20

நான் லாரி ஓட்டுகிறவன், நேராகப் பேசிப் பழக்கம், கோபப்படாதே தங்கச்சி. நீ பிளாட்டில் பிறந்து பிளாட்டில் வளர்ந்த பிள்ளை. கித்தா மரத்தைக் கையால் தொட்டிருக்கிறாயா? பிறகு எதற்குத் தோட்ட நாவல்? இங்கே நாவல் என்றாலே தோட்டம்தான் என்று யார் எழுதி வைத்தது? புருசன் குடிப்பான், கிராணி கை வைப்பான், கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு சாவு. நானே பத்து படித்துவிட்டேன். பதினொன்றாவது உன்னுடையது.

பதினேழாம்மாடி | சனி, காலை 10.41

அண்ணா, கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பதில் எழுதி இரண்டு தடவை அழித்தேன். தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டியின் பால்வெட்டு உளி இருக்கிறது, சமையலறை இழுப்பறையில், முள்கரண்டியோடு கிடக்கும். அம்மா அதை வைத்துப் பலாப்பழத்தில் பால் வழிப்பார். பதினேழாவது மாடியில் இருக்கிற வீட்டில் அந்த உளிக்கு என்ன வேலை என்று நினைத்துத்தான் இந்த நாவலையே ஆரம்பித்தேன். அப்புறம் எப்படிப் பொன்னம்மாவிடம் போய் மாட்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பழைய_புரூஃப் | சனி, மதியம் 2.30

இந்த இழாயில் இறங்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. (மேலே "இழாயில்" என்று விழுந்திருக்கிறது, இழையில் என்று வாசிக்கவும். நாற்பது வருடம் பிழை திருத்தியவன் கையிலேயே இப்படி.)

அம்மா, நான் கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன். பெயர் வேண்டாம், ஞாயிறு பதிப்புக்கு வருகிற சிறுகதைகளெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். உங்கள் நோய் புதிதே இல்லை. ஒரு வார இதழில் தொடர்கதை சூடு பிடித்தது என்றால் அடுத்த மாதம் தைப்பிங்கிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் வருகிற கதைகளில் அதே வாக்கியம், அதே மூன்று புள்ளி, அதே "அவள் விழிகள் படபடத்தன". கையெழுத்து மட்டும்தான் வேறு வேறு. அதனால் படிப்பதை நிறுத்தினால் இது தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். குறைவாகப் படிக்கிறவன்தான் ஒருவரையே காப்பியடிப்பான். நிறையப் பேரைப் படித்தவனிடம் யார் சாயல் என்று பிடிக்க முடியாது.

ஆனால் என்ன படிக்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் அலமாரியில் இந்த மண்ணில் அச்சான காகிதம் எவ்வளவு இருக்கிறது? நாவலை மட்டும் சொல்லவில்லை. தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. 95 வருடம் இந்த நாட்டுத் தமிழர் என்ன விலைக்கு அரிசி வாங்கினார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், எந்தச் சொல்லில் திட்டினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கிறது. அதைத் தேடிப் படிப்பது சிரமம் என்றால், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அது மலாயாவுக்கும் வந்த பத்திரிகைதான். தலைப்புச் செய்தி வேண்டாம். ஆசிரியருக்குக் கடிதம், காணவில்லை விளம்பரம், கல்யாண வாழ்த்து, தோட்டத்துச் செய்தி, இவற்றைப் படியுங்கள். நாவலுக்கு வேண்டிய மொழி அங்கேதான் இருக்கிறது. மொழியைப் படித்த மாதிரியும் ஆயிற்று, இன்னொரு நாவலாசிரியர் குரல் தொற்றவும் தொற்றாது.

இன்னொன்று. பினாங்கில் இருந்துகொண்டு 'புயலிலே ஒரு தோணி' படித்தீர்களா? ப. சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்கு வந்தவர், போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி மதுரையில் நாளிதழ் வேலையில் இருந்தவர். மேடானும் உங்கள் பினாங்கும்தான் அந்த நாவலின் களம். 1972இல்தான் புத்தகமாக வந்தது, எழுதிப் பல வருடம் கழித்து. வாழ்நாளில் இரண்டே நாவல். இரண்டு வருடத்தில் 140 பக்கம் போய்விட்டதே என்று அழுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பதினேழாம்மாடி | சனி, மதியம் 3.05

படித்திருக்கிறேன் ஐயா, கல்லூரியில். லெபோ சூலியா பக்கம் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனால் ஒரு வேடிக்கை, நான் தினமும் நடக்கிற ஊரை மதுரையில் உட்கார்ந்து ஒருவர் எழுதியிருக்கிறார், நான் பினாங்கில் உட்கார்ந்து மதுரைப் பக்கத்துப் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெட்டுமரம் | சனி, மாலை 6.48

பாட்டி சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் 1990களின் நடுவில் வரைக்கும் வெட்டியவன், சுங்கை சிப்புட் பக்கம். யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன், நாவலாசிரியர்கள் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள், இனிமேல் யாரும் உச்சி வெயிலில் வெட்டாதீர்கள்.

விடியற்காலையில் மரத்துக்குள் நீர் இறுக்கம் அதிகம், வெட்டினால் பால் ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், இறுக்கம் தளரும், பால் குறையும். அதனால்தான் ஐந்து, ஐந்தரைக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போவோம். வெட்டு எப்போதும் இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே, சரிவாக. எதிர்ப்பக்கம் சரித்தால் பால் குறையும். பட்டைக்குள் பால் குழாய் நேராக நிற்காது, லேசாகச் சாய்ந்து ஓடும், அதைக் குறுக்கே அறுக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் சரிவு. ஆழமாகப் போய்விட்டால் உள்ளே மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. மண்டோர் (மேற்பார்வை பார்க்கிறவன்) வந்து விரலால் தடவிப் பார்ப்பான். முதல் நாள் மங்கிலும் (பால் சேருகிற கிண்ணம்) வெட்டிலும் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால், அதை முதலில் பிய்த்துச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் புது வெட்டு. அதன் நாற்றம் இருக்கிறதே, சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் ஏறினால் டவுன் ஆட்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மழை பெய்தால் வேலை இல்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரம் முழுக்கப் பரவிவிடும், மங்கில் தண்ணீர் நிறையும். அதனால் தோட்டத்தில் மழை என்றால் நாவலில் வருகிற மாதிரி மண்வாசனை, காதல் எல்லாம் கிடையாது தங்கச்சி. மழை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. இருட்டில் படுத்துக்கொண்டு தகரக் கூரையில் விழுகிற சத்தத்தை எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்போம், யாரும் பேச மாட்டோம்.

கெப்பாலாபத்தாஸ் | சனி, மாலை 7.10

இதோ பார், இவர் எழுதினால் படிப்பேன்.

வெட்டுமரம் | சனி, மாலை 7.22

எனக்கு எழுத வராது லா. கேட்டால் சொல்வேன்.

சுங்கைபட்டாணி_மாறன் | ஞாயிறு, காலை 9.30

கெப்பாலாபத்தாஸ் அண்ணனோடு எனக்கு உடன்பாடு பாதிதான். தோட்டம் பார்க்காதவர்கள் தோட்டத்தை எழுதக் கூடாது என்றால், போர்க்காலத்துச் சயாம்-பர்மா ரயில் பாதையைப் பற்றி இன்றைக்கு யாரும் எழுத முடியாது. 1942, 43இல் இங்கிருந்த தோட்டங்களிலிருந்து ஆட்களை ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போனான், 415 கிலோமீட்டர் பாதை. போய் வந்தவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள்? திரும்பி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். பார்க்காததை எழுதலாம். கேட்காமல் எழுதினால்தான் பாட்டி சிரிப்பார்.

நிபோங்திபால்_டீச்சர் | ஞாயிறு, காலை 10.05

மாறன் சொன்னது சரி. அதோடு "மலேசிய நாவல் என்றாலே தோட்டம்" என்பதும் முழு உண்மை இல்லை. பினாங்கில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே நாவல் எழுதிய ரெ. கார்த்திகேசுவை எடுத்துக்கொள்ளுங்கள், 2016இல் காலமானார். அவர் கதைகளில் நகரத்துக் குடும்பங்கள், படித்தவர்கள், ஆஸ்பத்திரி, அலுவலகம் எல்லாம் வரும். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம். பக்கத்து ஊர்க்காரரைப் படிக்காமல் திருநெல்வேலிக்காரரைப் படிக்கிறோம்.

பதினேழாம்மாடி | ஞாயிறு, மதியம் 12.50

இதில் என் பக்கமும் ஒன்று இருக்கிறது டீச்சர். தமிழ்நாட்டுப் புத்தகம் போனில் தட்டினால் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் புத்தகம் எங்கே கிடைக்கிறது? வெளியீட்டு விழா அன்றைக்கு மண்டபத்தில் கிடைக்கும், அதற்குப் பிறகு எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடைக்கும். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். ஆங்கிலம், மலாய் மலைமலையாக இருந்தது. தமிழில் ஒரு பழைய சமையல் புத்தகமும் ஜாதகக் கணிதமும் கிடைத்தன. ஜாதகக் கணிதத்தை வாங்கிவிட்டேன், மூன்று வெள்ளி (ரிங்கிட்).

செந்தூல்காரன் | ஞாயிறு, மதியம் 1.00

ஜாதகக் கணிதத்தில் நாவல் எப்போது முடியும் என்று போட்டிருக்கிறதா?

பழைய_புரூஃப் | ஞாயிறு, மதியம் 1.34

பழைய நூல்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது, கோலாலம்பூர் வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். முதல் உலகத் தமிழ் மாநாடே 1966இல் இந்த ஊரில்தான் நடந்தது. அந்தச் சூட்டில் சேர்ந்த நூல்கள் பல இன்னும் தூசியோடு இருக்கின்றன.

சுங்கைபட்டாணி_மாறன் | ஞாயிறு, மதியம் 2.15

கட்டிலுக்கு அடியில் என்றதும் குத்தியது. என் கட்டிலுக்கு அடியில் இன்னும் 112 பிரதிகள் கிடக்கின்றன. 300 அடித்தேன், சொந்தக் காசு. வெளியீட்டு விழாவில் ஒரு பிரமுகர் வந்து முதல் நூலை உறையோடு வாங்கினார், மாலை போட்டோம், படம் எடுத்தோம். மண்டபத்தில் விற்றதுதான் விற்பனை, அதுவும் மொய் எழுதுகிற மாதிரி. ஒரு மாமா நாலு பிரதி வாங்கினார், ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது நாலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தன. சாமி மாதிரி வைத்திருக்கிறார், படிக்கவில்லை. ஐ.எஸ்.பி.என். எண் நம் மலேசியத் தேசிய நூலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 1986ஆம் வருடச் சட்டப்படி அச்சானதும் 5 பிரதிகளை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள். மறக்காதே தங்கை. என்னைப் பொறுத்தவரை அந்த 5 பிரதிகள்தான் பத்திரமான இடத்தில் இருக்கின்றன.

பதினேழாம்மாடி | திங்கள், இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. இன்று ஒரு சின்ன சோதனை செய்தேன். பாட்டி பேசுவதை அவருக்குச் சொல்லாமல் போனில் பதிவு செய்து (பிறகு சொல்லிவிட்டேன், திட்டினார்), அதை அப்படியே தட்டச்சு செய்தேன். நான் எப்போதும் போனில் செல்லினம் என்கிற தமிழ்த் தட்டச்சுச் செயலியில்தான் எழுதுவது, ஃபேக்டரி பஸ்ஸில் போக முக்கால் மணி வர முக்கால் மணி, நாவலில் பாதி அந்த பஸ்ஸில் எழுதியதுதான். நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் செய்த செயலி என்பதில் ஒரு பெருமை. ஆனால் இன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். பாட்டி சொன்னதை அடிக்கும்போது செயலி அடுத்த சொல்லைச் சரியாகக் கொடுக்கவே இல்லை. "பசியாறிட்டியா" என்று நான் ஆரம்பித்தால் அது "பசி எடுக்கிறது" என்கிறது. இரண்டு வருடமாக நான் எழுதியதிலிருந்து கற்றுக்கொண்டதுபோல, அதற்கும் பொன்னம்மா பேச்சுதான் தெரிகிறது!

பாட்டியின் ஒரே ஒரு வாக்கியத்தை இங்கே வைக்கிறேன்: "அப்ப உங்க தாத்தா பெரட்டுக்கு நிக்கிறாரு, நான் கோப்பியக் கலக்கி மங்குல ஊத்தி வச்சிட்டு, ஆயாக் கொட்டாயில புள்ளயப் போட்டுட்டு ஓடறேன், சடக்குத் தாண்டறதுக்குள்ள கிராணி பேரு கூப்பிட்டுட்டான், அரை நாள் போச்சு." ஒரே மூச்சில் சொன்னார். இதில் நான் கண்டுபிடித்த சொல் ஒன்றுமில்லை. 140 பக்கத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

இப்போது புதுச் சிக்கல். இதைப் படிக்கிற சென்னைக்காரருக்குப் பெரட்டு, சடக்கு, ஆயாக் கொட்டாய் எல்லாம் புரியுமா? அங்கே ஒரு பதிப்பகத்துக்கு இரண்டு அத்தியாயம் அனுப்பியிருந்தேன், "வட்டாரச் சொற்களுக்கு அடிக்குறிப்பு அவசியம்" என்று பதில் வந்தது. அதுவும் எதற்குத் தெரியுமா, "பாசார் மாலாம்" என்பதற்கு!

கெப்பாலாபத்தாஸ் | திங்கள், இரவு 10.12

போடாதே. அடிக்குறிப்பு போடாதே. கரிசல்காட்டுச் சொல்லுக்கு நமக்கு யாராவது அடிக்குறிப்பு போட்டார்களா? நாமாகப் படித்துப் புரிந்துகொண்டோம். அவர்களும் புரிந்துகொள்ளட்டும். ராத்திரிச் சந்தை என்று வாக்கியத்திலேயே தெரிகிற மாதிரி எழுது, போதும்.

நிபோங்திபால்_டீச்சர் | திங்கள், இரவு 10.30

எனக்கு அப்படி இல்லை. என் மாணவர்களுக்கே பெரட்டு தெரியாது. தோட்டமே இல்லாத தலைமுறை இது. கடைசியில் ஒரு சொற்பட்டியல் வைத்தால் என்ன கேடு? விரும்பாதவர்கள் திருப்ப வேண்டாம்.

பழைய_புரூஃப் | திங்கள், இரவு 11.18

டீச்சர் பக்கம்தான் நானும், ஆனால் பட்டியலைப் பாட்டியை வைத்தே எழுதச் சொல்லுங்கள். அகராதிப் பொருள் வேண்டாம். "பெரட்டு: விடியக்காலம் பேர் கூப்பிடுற எடம். பேர் கூப்பிடறப்ப இல்லன்னா அன்னிக்கு நீ இல்ல." இந்த மாதிரி. அதையும் ஓர் அத்தியாயமாகவே படிப்பார்கள்.

பதினேழாம்மாடி | புதன், இரவு 11.02

ஐயா, உங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். பொன்னம்மாவை நிறுத்திவிட்டேன். அழிக்கவில்லை, வேறொரு கோப்பில் போட்டு "வயல்வெளி" என்று பெயர் வைத்திருக்கிறேன். (டீச்சர், உங்கள் உபயம்.) இப்போது கதை பிளாட்டில் நடக்கிறது. ஒரு பாட்டி, ஒரு பேத்தி, இழுப்பறையில் ஓர் உளி. தோட்டம் பாட்டியின் பேச்சில் மட்டும் வரும், அவர் சொல்கிற அளவுக்கு மட்டும். வெட்டுமரம் அண்ணா, அந்தத் தகரக் கூரை மழையை மட்டும் கடன் கேட்கிறேன், கொடுப்பீர்களா? முதல் அத்தியாயம் 2020 டிசம்பரில், பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஓடிய பழைய ஃபெரி ஆள் ஏற்றுவதை நிறுத்தப்போகிற கடைசி வாரம். பாட்டி ஒரே பிடிவாதமாக ஒரு தடவை போய் வர வேண்டும் என்கிறார். உண்மையிலேயே நடந்தது அது. முதல் பத்தியை இங்கே வைக்கிறேன், தைரியமாகத் திட்டுங்கள்:

"ஃபெரி ஜெட்டியில் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வெள்ளி, இருபது காசு. இரண்டு பேருக்கும் தனித்தனியாக எண்ணி வைத்திருந்தாள். சில்லறையைத் துளையில் போட்டு, இரும்புக் கம்பியை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், தோட்டத்து கேட்டைத் தள்ளுகிற மாதிரி. அக்கரையில் பட்டர்வொர்த் தெரிந்தது. மேல்தட்டில் காற்று பிடித்துக்கொண்டது. 'கூலிம் எந்தப் பக்கம்?' என்றாள். நான் கையைக் காட்டினேன். அவள் திரும்பவே இல்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்."

வெட்டுமரம் | புதன், இரவு 11.15

மழையை எடுத்துக்கோ. காசு வேண்டாம்.

சுங்கைபட்டாணி_மாறன் | புதன், இரவு 11.20

இடுப்பால் தள்ளுகிறது நல்லா இருக்கு.

கெப்பாலாபத்தாஸ் | வியாழன், காலை 6.05

நல்லா இருக்கு தங்கச்சி. ஆனால் ஒன்று. பினாங்குப் பக்கம் ஏறினால் அந்தப் பழைய ஃபெரிக்கு ஏது காசு? பட்டர்வொர்த்தில் ஏறித் தீவுக்கு வரும்போதுதான் அப்போது 1.20 வெள்ளி. இந்தப் பக்கமிருந்து போனது சும்மாதான். நான் முப்பது வருடம் அதில் வண்டி ஏற்றியவன். உன் பாட்டி எந்தத் துளையில் சில்லறை போட்டாள்?

பதினேழாம்மாடி | வியாழன், காலை 6.31

ஐயோ.

பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த ஃபெரியில் போய் வந்தவள் நான். பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருக்கிற அக்கா பார்க்கிறார். காசைத் திரும்பி வரும் காட்சிக்கு மாற்றிவிடுகிறேன். பாட்டியிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.